தட்டையான கோடு சாட்சி ஆகாது

நிகழ்வாய்வு வரைபடத்தைப் படிக்கப் பயிற்சி எதுவும் தேவையில்லை. அதன் கவர்ச்சியே அதுதான். கிடைக்கோட்டில் காலம் ஓடுகிறது. நடுவில் பூஜ்யம்: ஒரு திட்டம் தொடங்கிய, ஒரு சாலை திறந்த, ஓர் ஆலை மூடிய காலாண்டு. இடப்பக்கம் அதற்கு முந்தைய காலாண்டுகள், வலப்பக்கம் பிந்தையவை. ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு புள்ளி. புள்ளிக்கு மேலும் கீழும் நம்பிக்கை இடைவெளியைக் காட்டும் சிறு கோடு. இடப்பக்கப் புள்ளிகள் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துக்கிடந்து, வலப்பக்கப் புள்ளிகள் எழுந்து நின்றால், திட்டம் வேலை செய்தது நிரூபணமாயிற்று என்று எழுதிவிடுவது ஆய்வேடுகளிலும் மதிப்பீட்டு அறிக்கைகளிலும் இன்று சம்பிரதாயமாகிவிட்டது. ஸ்டேட்டாவோ ஆர் மென்பொருளோ வரைந்த படம் என்பதால் அதற்குக் கருவியின் நடுநிலையும் கிடைத்துவிடுகிறது. இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. முன்காலத் தட்டைத்தனம் பெரும்பாலும் தரவின் பலவீனத்தைக் காட்டுகிறது. பின்கால ஏற்றம் பல சமயம் ஆய்வாளர் எடுத்த, படத்தில் தெரியாத முடிவுகளைக் காட்டுகிறது.

இந்த முறை பிறந்த இடம் பங்குச்சந்தை. 1969-இல் ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல் நால்வரும் பங்குப் பிரிப்புகளைச் சுற்றிப் பங்கு விலைகள் எப்படி நகர்ந்தன என்று பார்த்தார்கள். அங்கே விலை ஒவ்வொரு நாளும் பதிவாகிறது. பிரிப்புகள் நூற்றுக்கணக்கில் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் திட்டமான தேதி உண்டு. பொதுக்கொள்கை ஆய்வு இந்தச் சட்டகத்தைக் கடன் வாங்கியபோது, அந்த வசதிகளில் எதுவும் கூட வரவில்லை.

முறையின் உள்ளமைப்பு சிக்கலானதல்ல. ரிக்ரெஷன் சமன்பாட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மாறிலி, ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு மாறிலி. அவற்றோடு, நிகழ்விலிருந்து எத்தனை காலாண்டு தள்ளி இருக்கிறோம் என்பதைச் சொல்லும் டம்மி மாறிகள். இவற்றில் ஒன்றை விட்டாக வேண்டும். வழக்கமாக விடப்படுவது மைனஸ் 1. மற்ற கெழுக்கள் எல்லாம் அந்த ஒரே காலாண்டோடு ஒப்பிட்ட வேறுபாடுகள். ஸ்டேட்டாவில் ரெக்எச்டிஎஃப்இ கட்டளையும் கோஎஃப்பிளாட்டும், ஆர் மென்பொருளில் ஃபிக்ஸெஸ்ட் தொகுப்பும் ஐபிளாட்டும் இதைச் சில வரிகளில் முடித்துத் தருகின்றன. வேலை இவ்வளவு சுலபமாக முடிவதுதான் ஆபத்து. சமன்பாட்டுக்கு முன்னால் தீர்க்க வேண்டிய மூன்று கேள்விகளை (எது நிகழ்வு, எப்போது நிகழ்ந்தது, யாருக்கு நிகழவில்லை) கட்டளை வரி கேட்பதில்லை.

சென்னைக்குத் தெற்கே உள்ள சிங்கப்பெருமாள் கோவிலின் மனை விலையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதத்தில் தென்மாவட்டப் பேருந்துகள் படிப்படியாகக் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுக மனை விலை இதனால் ஏறியது என்பது தரகர்கள் முதல் கருத்தரங்க மேடை வரை ஒலிக்கும் பேச்சு. சார்பதிவாளர் அலுவலகக் கிரயப் பத்திரங்களில் உள்ள விலையைக் காலாண்டு வாரியாகத் தொகுத்து, 2024-இன் முதல் காலாண்டைப் பூஜ்யமாக வைத்து, மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களை ஒப்பீட்டுக் குழுவாக்கினால் நிகழ்வாய்வு தயார். படமும் அழகாக வர நிறைய வாய்ப்பிருக்கிறது.

அந்தப் படம் எதைக் காட்டும்? முதலில் தேதி. முனையத்துக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். மனை வாங்குகிறவர் ரிப்பன் வெட்டும்வரை காத்திருப்பதில்லை. தூண் எழும்பும்போதே விலை பேசப்படுகிறது. ஏற்றத்தின் பெரும்பகுதி பூஜ்யத்துக்கு முன்பே, ஐந்தாண்டுகளில் பரவி நடந்திருந்தால், மைனஸ் 1 காலாண்டின் விலையில் அது ஏற்கெனவே குடியேறியிருக்கும். அதை அடிப்படையாக வைத்து அளப்பது, பந்தயம் முக்கால்வாசி முடிந்த இடத்தில் கடிகாரத்தை ஓடவிடுவது. போதாக்குறைக்கு அந்த ஐந்தாண்டுகளின் நடுவே கொரோனா உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது, அளக்கும் பொருளே இடையில் மாறியது. 2017 ஜூன் 9 முதல் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரல் 1 அன்று பழைய மதிப்பு திரும்பியது. அதே நாளில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகியது. 100-ஐ 67 ஆக்கிவிட்டு மறுபடி 100 ஆக்கினால், திரும்பும் வழியில் ஏற்றம் ஏறத்தாழ 49 சதவீதம். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதிக்கொள்ளும் ஊரில், சந்தை அசையாமலே, பதிவான விலை ஒரே நாளில் பாதியளவு எகிறும். வங்கிக் கடனில் மனையும் அடுக்ககமும் விற்கும் ஊரில் பத்திர விலை உண்மை விலைக்கு அருகிலேயே இருப்பதால் இந்த எகிறல் தெரியாது. ஆகவே மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒரு மாற்றம் ஊருக்கு ஊர் வேறு அளவில் விழுகிறது. காலாண்டு மாறிலி அதைத் துடைத்தெடுக்காது. நமது படத்தில் இது மைனஸ் 4-க்கும் மைனஸ் 3-க்கும் இடையில் விழும். 2024 ஜூலை 1 முதல் புதிய வழிகாட்டி மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. அது பிளஸ் 2. திறப்புக்கு இரண்டு காலாண்டு கழித்து முனையத்தின் தாக்கம் முழுமையாக வெளிப்பட்டது என்று ஒருவர் எழுதக்கூடிய வாக்கியத்தின் பின்னால் பதிவுத்துறையின் சுற்றறிக்கை ஒன்று நின்றுகொண்டிருக்கலாம்.

இதற்கெல்லாம் வழக்கமான பதில் ஒன்று உண்டு: முன்காலப் புள்ளிகள் தட்டையாக இருக்கின்றன, எந்தக் கெழுவும் 5 சதவீத மட்டத்தில் பூஜ்யத்திலிருந்து வேறுபடவில்லை, எனவே இரு குழுக்களும் இணையாகவே போய்க்கொண்டிருந்தன. பரவலான கருத்தின் அச்சாணி இதுதான். இது எப்படி முறிகிறது என்பதைச் சிறு கணக்கில் காணலாம்.

முனையத்தால் எந்தத் தாக்கமும் இல்லை என்றே கொள்வோம். ஒரகடம், மறைமலை நகர் ஆலைகளாலும் மகிந்திரா வேர்ல்டு சிட்டியாலும் சிங்கப்பெருமாள் கோவில் பகுதி, ஒப்பீட்டு ஊர்களைவிடக் காலாண்டுக்கு 1 சதவீதம் வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கெழுவின் திட்டப்பிழையும் 2 சதவீதம். மைனஸ் 1-ஐ அடிப்படையாக வைத்தால் மைனஸ் 2-இன் கெழு சராசரியாக மைனஸ் 1 சதவீதம், மைனஸ் 3-இன் கெழு மைனஸ் 2, மைனஸ் 4-இன் கெழு மைனஸ் 3. நம்பிக்கை இடைவெளி இருபுறமும் ஏறத்தாழ 4 சதவீதம் நீள்வதால் மூன்றும் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டே நிற்கும். தேர்வு பாஸ். வலப்பக்கம் அதே சாய்வு தொடர்கிறது: பூஜ்யத்தில் 1, பிளஸ் 1-இல் 2, பிளஸ் 2-இல் 3, பிளஸ் 3-இல் 4. நான்கை இரண்டால் வகுத்தால் 2, 1.96 என்ற எல்லையைத் தாண்டியாயிற்று. பிளஸ் 4-இல் 5, பிளஸ் 5-இல் 6. தாக்கமே இல்லாத முனையத்துக்குத் தாக்கம் இருப்பதாகப் படம் சொல்லிவிட்டது. ஒரே நேர்கோட்டின் அருகிலிருக்கும் பாதி அடிப்படைக்குப் பக்கத்தில் இருப்பதால் சிறிதாகவும், தொலைவிலிருக்கும் பாதி பெரிதாகவும் தெரிகிறது, அவ்வளவே. முன்காலம் குறுகியதாகவும் பின்காலம் நீண்டதாகவும் இருக்கும் தரவுகளில் இது தவறாமல் தலைகாட்டும்.

மங்கலான விளக்கோடு தேடியவர் கண்ணில் பாம்பு படவில்லை என்பதால் பாம்பு இல்லை என்றாகிவிடாது. ஜொனாதன் ராத் 2022-இல் இதை எண்களோடு காட்டினார். முன்னணி இதழ்களில் வெளிவந்த 12 கட்டுரைகளின் தரவை எடுத்து, முன்காலச் சோதனையில் சிக்காமல் தப்பக்கூடிய சாய்வு எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்று கணக்கிட்டார். பல கட்டுரைகளில் அந்தச் சாய்வு உண்டாக்கும் பிழை, கட்டுரை கண்டறிந்ததாகச் சொன்ன தாக்கத்தின் அளவுக்கே வந்து நின்றது. அதைவிடக் கசப்பான ஒன்றும் அவர் ஆய்வில் உண்டு: சோதனையில் தேறியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து வெளியிடும்போது பிழை குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். வடிகட்டி என்று நினைத்தது சில சமயம் அழுக்கைச் சேர்க்கிறது.

ஒப்பீட்டுக் குழுவின் சிக்கல் இன்னொரு வகை. மனை விளம்பரங்களில் செங்கல்பட்டு வரைக்கும் கிளாம்பாக்கத்துக்கு அருகில்தான். சிங்கப்பெருமாள் கோவிலைத் தாக்கம் பெற்ற ஊராக வைப்பவரும் உண்டு. கூடுவாஞ்சேரியைத் தாக்கம் பெற்றதாக்கி, சிங்கப்பெருமாள் கோவிலை ஒப்பீடாக நிறுத்துபவரும் உண்டு. இரண்டாமவரின் கணக்கில் முனையத்தின் பலன் ஒப்பீட்டு ஊருக்கும் கசிந்து, விடையைச் சுருக்கும். வட்டத்தை எத்தனை கிலோமீட்டரில் வரைவது என்பதை வாங்குபவர் எங்கிருந்து வருகிறார், ரயிலில் போகிறாரா பேருந்தில் போகிறாரா என்ற விசாரணைதான் தீர்க்கும். மாவட்ட அளவில் தரவு எடுப்பவருக்கோ தனித் தொல்லை: 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. மாவட்டப் பெயரை மட்டும் வைத்துக் கோப்புகளை இணைத்தால், 2019-க்கு முந்தைய காஞ்சிபுரமும் பிந்தைய காஞ்சிபுரமும் ஒரே அலகு என்று மென்பொருள் நம்பும். எச்சரிக்கை எதுவும் திரையில் வராது.

பல இடங்களில் பல தேதிகளில் தொடங்கும் திட்டம் என்றால் சிக்கல் இரட்டிக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளோடு தொடங்கியது: மாநகராட்சிகளில் 417, நகராட்சிகளில் 163, ஊராட்சிகளில் 728, மலைப் பகுதிகளில் 237. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தோடு எண்ணிக்கை 31,008 ஆனது. வருகைப்பதிவு கூடியதா என்று பார்க்க நிகழ்வாய்வு கையில் எடுப்பது இயல்பு. ஆனால் பழைய முறையிலான ரிக்ரெஷன், பிந்திச் சேர்ந்த பள்ளிகளுக்கு முந்திச் சேர்ந்த பள்ளிகளையே ஒப்பீடாக்கிக்கொள்ளும். முந்திய பள்ளியில் முதலாண்டில் வருகை 2 புள்ளி ஏறி, அடுத்த ஆண்டில் பழக்கம் பரவி 6 புள்ளியை எட்டியதாகக் கொள்வோம். அந்த அடுத்த ஆண்டில் பிந்திய பள்ளி சேர்ந்து 2 புள்ளி ஏறுகிறது. பிந்தியதின் ஏற்றம் 2. முந்தியதின் ஏற்றம் 4. வித்தியாசம் மைனஸ் 2. எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகள் அதிகமாக வந்திருக்க, உணவு கொடுத்ததால் வருகை குறைந்தது என்று இந்த ஒப்பீடு சொல்கிறது. குட்மன்-பேக்கன், சுன் மற்றும் ஆபிரகாம், கேலவே மற்றும் சான்டானா ஆகியோரின் 2021 கட்டுரைகள் இந்தக் குளறுபடியை அக்கக்காகப் பிரித்துக் காட்டின. சுன், ஆபிரகாம் காட்டியதில் முக்கியமானது: ஒரு காலாண்டின் கெழுவுக்குள் வேறு காலாண்டுகளின் தாக்கம் கலந்துவிடும். அதாவது முன்காலப் புள்ளி தட்டையாக இருப்பதும் மேடாக இருப்பதும்கூடப் பின்காலத் தாக்கத்தின் கசிவாக இருக்கலாம்.

எல்லாப் பள்ளியும் திட்டத்தில் சேர்ந்துவிட்ட தரவில் இன்னொரு பள்ளம் உண்டு. ஒருபோதும் சேராத பள்ளி எதுவும் இல்லாதபோது, மைனஸ் 1-ஐ மட்டும் விட்டால் போதாது. நிகழ்விலிருந்து எண்ணும் காலத்தின் நேர்கோட்டுச் சாய்வை பள்ளி மாறிலியும் கால மாறிலியும் சேர்ந்து விழுங்கிவிடுகின்றன. இன்னொரு டம்மியும் வெளியேற வேண்டும். எது என்று ஆய்வாளர் சொல்லாவிட்டால் மென்பொருள் தானே ஒன்றை நீக்கிவிட்டு ஒரு வரிக் குறிப்பு எழுதும். எதை நீக்கியது என்பதைப் பொறுத்துப் படம் முழுவதும் சாயும். மைனஸ் 2 நீங்கினால் ஒரு சாய்வு, மிகத் தொலைவான முன்காலாண்டு நீங்கினால் வேறு சாய்வு. கோஎஃப்பிளாட் நீக்கப்பட்ட கெழுக்களைத் தானாக வரைவதில்லை. எனவே படத்தில் அந்த இடம் சும்மா வெறுமையாக இருக்கும், அல்லது கோடு அதைத் தாண்டி ஓடும்.

இப்படி மௌனமாக நடப்பவற்றில் மிகக் கெட்டது ஒப்பீட்டுக் குழுவே மறைவது. நிகழ்வே நடக்காத ஊருக்கு நிகழ்விலிருந்து எண்ணும் காலம் என்று ஒன்று இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டமுள்ள வரிகளை ஸ்டேட்டா ரிக்ரெஷனிலிருந்து எடுத்துவிடும். ஆய்வாளர் ஒப்பீட்டு ஊர்கள் இருப்பதாக எழுதிக்கொண்டிருப்பார். கணக்கில் ஒன்றுகூட இருக்காது. அவற்றை அடிப்படைக் காலத்தின் எண்ணோடு சேர்த்துக் குறிக்க வேண்டும். அதற்கும் ஒரே விதி இல்லை. திட்டத்தில் சேர்ந்த காலத்துக்கான கட்டத்தில், சிஎஸ்டிஐடி கட்டளை ஒருபோதும் சேராதவருக்குப் பூஜ்யம் எழுதச் சொல்கிறது. ஈவென்ட்ஸ்டடிஇன்டராக்ட் காலியாக விடச் சொல்கிறது. ஒன்றின் கோப்பை மற்றதில் ஓட்டினாலும் படம் வரத்தான் செய்யும்.

இவை போன்ற புதிய தொகுப்புகள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டன என்பது பரவலான கருத்தின் இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பைக் கைவிட்டவர்கள் இப்போது இதில் குடியேறியிருக்கிறார்கள். தவறான ஒப்பீடுகளை அவை நீக்குகின்றன என்பது உண்மை. ஆனால் கேலவே, சான்டானா முறையின் மென்பொருள், சொல்லாமல் விட்டால், முன்காலப் புள்ளி ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய காலாண்டோடு ஒப்பிடும். பின்காலப் புள்ளிகளை மட்டும் மைனஸ் 1-ஓடு ஒப்பிடும். மேலே கண்ட, தாக்கமே இல்லாத கணக்கை இதில் ஓட்டினால் முன்காலப் புள்ளிகள் எல்லாம் 1, 1, 1 என்று மட்டமாக நிற்கும். பின்காலம் 1, 2, 3, 4 என்று ஏறும். இரண்டு பக்கமும் இரண்டு அளவுகோல். ஒரே நேர்கோடு பூஜ்யத்தில் முறிந்ததுபோல் தெரிகிறது. 2024-இல் ராத் இதைத் தனிக் குறிப்பாகவே எழுதினார். அடிப்படைக் காலத்தை எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக்கும் தெரிவு அதே தொகுப்பில் இருக்கிறது. அதை யாரும் தேடிப் போகாதது தொகுப்பின் குற்றமல்ல.

படத்தின் வலக்கோடியும் சந்தேகத்துக்குரியது. காலை உணவில் 2023-24 முடிவில் இரண்டாம் ஆண்டுத் தாக்கத்தைக் காட்டக்கூடியவை முதல் கட்டப் பள்ளிகள் மட்டுமே. ஆகவே வலப்பக்கம் போகப்போகப் படம் ஒரே பள்ளிகளின் கதையைத் தொடர்வதில்லை. மாநகராட்சிகளும் மலைகளும் மிகுந்த வேறொரு கூட்டத்துக்கு மாறிவிடுகிறது. இடக்கோடியோ இன்னும் மோசம். தமிழகத் தொடக்கப் பள்ளிகள் கொரோனாவுக்குப் பின் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தன. முதல் கட்டத்துக்கு முன்காலம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது இந்த நொண்டி ஓராண்டுதான். அதில் எந்தப் புள்ளி தட்டையாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இப்படியானால் முறையையே தூக்கி எறியலாமே என்பார்கள். வேண்டாம். ஒற்றை எண்ணைக் காட்டி ஒதுங்கும் பழைய ரிக்ரெஷனைவிடப் புள்ளிகளை வரிசையாக வைக்கும் படம் எவ்வளவோ மேல். தவறு செய்தால் அகப்படவாவது அதில் வழியிருக்கிறது. ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் மூவரும் 1993-இல் பென்சில்வேனியாவில் வேலையிழந்த தொழிலாளரின் ஊதியத்தை இப்படி வரிசைப்படுத்தியபோது, வேலை போவதற்கு முன்பே ஊதியம் சரியத் தொடங்கியது தெரிந்தது. முன்காலப் புள்ளிகள் தட்டையாக இல்லாததுதான் அங்கே கண்டுபிடிப்பு. அவர்கள் அதை மறைக்கவில்லை, நிறுவனம் தடுமாறத் தொடங்கிய நாளிலிருந்து இழப்பு தொடங்குகிறது என்று படித்தார்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்த நிலையத்திலேயே இதற்கு இணையான நிகழ்வு உண்டு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடும் முடிவு 2021 செப்டம்பர் 9 அன்று அறிவிக்கப்பட்டது. கடைசி வண்டி 2022 ஜூலையில் வெளியேறியது. ஜூலையைப் பூஜ்யமாக்கினால், உதிரிபாகச் சிற்றாலைகளில் வேலை குறைந்த பத்து மாதங்கள் முன்காலத்தில் போய் விழுந்து, மைனஸ் 1 ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். மூடலின் பாதிப்பு சிறியது என்று படம் சொல்லும். செப்டம்பரைப் பூஜ்யமாக்கினால், கொரோனா இரண்டாம் அலை அடித்த காலாண்டு அடிப்படையாகிறது. இரண்டையும் வரைந்து அருகருகே வைப்பதே நேர்மை. எது சரி என்பதை ஆலைத் தொழிலாளரும் வாடகைக்கு வீடு விட்டவரும் சொல்வார்கள். பி மதிப்பு சொல்லாது.

இணைப்போக்கு எவ்வளவு பிசகினால் முடிவு கவிழும் என்று கேட்கும் வழியை ரம்பச்சனும் ராத்தும் 2023-இல் தந்தார்கள். முன்காலத்தில் கண்ட அதிகபட்சப் பிசகு பின்காலத்திலும் அதே அளவில், அல்லது இருமடங்காக, நடந்திருந்தால் தாக்கம் இன்னும் பூஜ்யத்துக்கு மேலே நிற்கிறதா என்று பார்ப்பது அது. ஆனஸ்ட்டிஐடி என்ற பெயரில் ஆர், ஸ்டேட்டா இரண்டிலும் கிடைக்கிறது. சில நிமிட வேலை. பல பாராட்டுப் பெற்ற படங்கள் இந்தக் கேள்வியின் முன் நிற்க மாட்டா என்பதால்தானோ என்னவோ, அதை ஓட்டுபவர் குறைவு.

எனவே ஆய்வேட்டைத் திருத்துபவரும் அறிக்கையை ஏற்பவரும் படத்தைப் பார்க்குமுன் நான்கைக் கேட்டு வாங்க வேண்டும்: நிகழ்வின் தேதி ஏன் அந்தத் தேதி என்பதற்கு ஒரு பக்க விளக்கம், எத்தனை ஊர்கள் உண்மையில் கணக்கில் நுழைந்தன என்ற எண்ணோடு ஒப்பீட்டு ஊர்களின் பெயர்ப்பட்டியல், நீக்கப்பட்ட டம்மிகள் எவை என்ற குறிப்பு, அந்தக் காலத்தில் அரசு வேறென்ன ஆணைகள் பிறப்பித்தது என்ற நாள்வரிசை. 2023 ஏப்ரல் 1-ஐயும் 2024 ஜூலை 1-ஐயும் பேசாமல் கிளாம்பாக்கத்தால் சிங்கப்பெருமாள் கோவில் மனை விலை ஏறியது என்று காட்டும் வரைபடத்தைத் திருப்பி அனுப்ப வேறு காரணம் தேவையில்லை.